ஃபூல்தேயி நாளில் ஒரு கார்வால் மலைக்கிராமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உத்தராகண்டில் உக்கிமட்டுக்கு மேலே சாரி என்று ஒரு சிறிய கிராமம் இருக்கிறது. மூன்று வருடங்களாகப் பங்குனி முதல் நாளை அங்கேதான் கழிக்கிறேன். காலையில் வாசற்படியில் பூ, அப்புறம் தேவரியா தால் ஏரிக்கு ஏற்றம், சாயங்காலம் அடுப்படி. படங்களைப் பார்த்த சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

ஃபூல்தேயின்னா என்ன? ஊட்டி மலர்க் கண்காட்சி மாதிரியா?

இல்லை. இதற்குத் திடலும் கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலையில் கூடை நிறையப் பூப்பறித்து வந்து, வீடு வீடாகப் போய் வாசற்படியில் வைக்கிறார்கள். ‘ஃபூல்’ என்றால் பூ, ‘தேயி’ என்றால் நிலைவாசல் படி. பூ வைக்கிற பிள்ளைகளுக்கு ‘ஃபுலாரி’ என்று பெயர். இந்த வாசற்படி வீட்டைக் காக்கட்டும், குதிரில் தானியம் நிறையட்டும், இந்தப் படிக்குத் திரும்பத் திரும்ப நமஸ்காரம் என்று பாடிக்கொண்டே வைப்பார்கள். வீட்டுப் பெண்மணி அவர்கள் கூடையில் ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு வெல்லம், சில்லறைக் காசு போடுவார். அவ்வளவுதான் பண்டிகை.

முதல் வருடம் நான் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முந்தின நாளே சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிய படி. ஐந்து வயதுகூட இருக்காத ஒரு பெண், கம்பளிக் குல்லாய் கண்ணை மறைக்க, மஞ்சள் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படியின் இடது ஓரத்திலிருந்து வரிசையாக அடுக்கினாள். நடுவில் ஒரு பூ கவிழ்ந்து விழுந்தது. மற்ற பிள்ளைகள் பாட்டை முடித்து அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் திரும்பிக் குனிந்து அந்தப் பூவை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போனாள்.

எந்தத் தேதியில வரும்? வருஷா வருஷம் மாறுமா?

மார்ச் 14 அல்லது 15. சூரியன் மீன ராசிக்குள் நுழையும் சங்கராந்தி நாள். நம் நாட்காட்டியில் அது பங்குனி 1. மலைக்காரர்களும் நம்மைப் போலவே சூரிய மாதம் பார்ப்பவர்கள்தான், ஆனால் நாம் பங்குனி என்கிற மாதத்துக்கு அவர்கள் ‘சைத்ர’ என்று பெயர் சொல்கிறார்கள். சித்திரை என்று நினைத்து ஏப்ரலில் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். காரடையான் நோன்புக்குச் சரடு கட்டுகிறோமே, அதே சங்கராந்திதான். சங்கராந்தி இரவில் விழுந்தால் ஊருக்கு ஊர் ஒரு நாள் முன்பின் ஆகும், தங்கப்போகிற வீட்டில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த ஒரு நாளைத் தவறவிட்டாலும் முழுக்க நஷ்டமில்லை. கேதார் பள்ளத்தாக்கில் பல ஊர்களில் பிள்ளைகள் எட்டு நாள் தொடர்ந்து பூ வைக்கிறார்கள். சில ஊர்களில் மாதம் முழுவதும், நம் சித்திரை 1 வரைக்கும் போகும். கடைசி நாளில் ‘கோகா’ என்ற பிள்ளைகளின் தெய்வத்துக்குப் பூசை. இத்தனை நாள் சேர்ந்த அரிசியையும் வெல்லத்தையும் போட்டுப் பிள்ளைகளே கூடிச் சமைத்துச் சாப்பிடுவார்கள்.

சாரிக்கு எப்படிப் போறது? தமிழ்நாட்டுல இருந்து எத்தனை நாள் ஆகும்?

டெல்லி வரை ரயிலோ விமானமோ. அங்கிருந்து ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ். விமானத்திலேயே வந்தால் டேராடூனின் ஜாலி கிராண்ட் நிலையம் ரிஷிகேஷுக்குப் பக்கம். ரிஷிகேஷிலிருந்து உக்கிமட் சுமார் 180 கிலோமீட்டர். சமவெளிக் கணக்குப் போட்டு நாலு மணி நேரம் என்று நினைக்க வேண்டாம், ஏழெட்டு மணி நேரம் ஆகும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே சேரலாம். உக்கிமட்டிலிருந்து சாரிக்குப் பகிர்வு ஜீப் கிடைக்கும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், அங்கே குறைந்தது மூன்று நாள் என்று ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

வழியைத் தூங்கிக் கழிக்காதீர்கள். தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலக்கிற இடத்துக்கு மேலே உள்ள ரகுநாதர் கோயில்தான் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். ருத்ரப்பிரயாகையைத் தாண்டி மந்தாகினிக் கரையில் அகஸ்தியமுனி என்றே ஓர் ஊர், அங்கே அகத்தியருக்குக் கோயில் இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அங்கே இறங்கி ஒரு தேநீர் குடிக்காமல் போவதில்லை.

ஒரே நாள்ல பண்டிகை, மலையேற்றம், சமையல் மூணும் முடியுமா? அலைச்சலா இருக்காதா?

முடியும், ஏனென்றால் மூன்றும் ஒரே ஊரில்தான் நடக்கின்றன. முந்தின நாள் மாலைக்குள் ஊர் வந்து சேர்ந்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. மார்ச் நடுவில் அங்கே ஆறரை மணிவாக்கில் விடிகிறது. அதற்கு முன்னாலேயே பிள்ளைகள் பேச்சுக்குரல் கேட்கும். ஆறு மணிக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுங்கள். ஏழரைக்கெல்லாம் ஊர் முழுக்க வாசற்படிகள் மஞ்சளும் சிவப்புமாக ஆகிவிடும்.

எட்டு மணிக்கு ரொட்டியும் தேநீரும் முடித்து ஏற ஆரம்பித்தால் பத்து மணிக்குத் தேவரியா தால். மலைவெயில் பொல்லாதது, மதியத்துக்கு மேல் மேகமும் கூடும். பன்னிரண்டு வரை இருந்துவிட்டு இறங்கினால் இரண்டு மணிக்குள் வீடு. சாப்பிட்டு ஒரு தூக்கம். நாலு மணிக்கு வீட்டு அக்கா கீரை ஆயத் தொடங்குவார், நீங்களும் பக்கத்தில் உட்காரலாம். சௌகம்பா சிகரம் ஏரித்தண்ணீரில் அசையாமல் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மட்டும், மறுநாள் விடியலில் இன்னொரு தடவை ஏறுங்கள். காற்று எழும்புவதற்கு முன்னால்தான் அந்தக் காட்சி.

அண்ணா, எனக்கு மலை ஏறிப் பழக்கமே இல்லை. மூச்சுத்திணறல் வருமா?

சாரி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். ஏரி 2,438 மீட்டர். தூரம் இரண்டரை கிலோமீட்டருக்குள்தான், பெரும்பகுதி கல் பாவிய பாதை. வழியில் ஒரு பழைய சிவன் கோயில், உட்கார்ந்து எழ நல்ல இடம். பழனி மலையைப் படிவழியாக நிதானமாக ஏறி இறங்குகிறவர்களுக்கு இதுவும் முடியும், நேரம்தான் கூட ஆகும். உயர மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும் என்பதால் இங்கே பயம் குறைவு. இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

உண்மையில் நம் ஆட்களைப் படுத்துவது ஏற்றம் இல்லை, அந்த ஏழெட்டு மணி நேர வளைவுச் சாலை. வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள், வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள், நிறைக்கவும் வேண்டாம்.

ஏரிக்குப் பின்னால ஏதோ பாரதக் கதை இருக்குன்னாங்களே?

நச்சுப்பொய்கைக் கதைதான். தண்ணீர் குடிக்கப் போன தம்பிகள் நால்வரும் விழுந்து கிடக்க, தருமர் யட்சனின் கேள்விகளுக்கு விடை சொல்லி அவர்களை மீட்ட பொய்கை இதுவே என்று அங்கே சொல்கிறார்கள். தேவர்கள் குளித்த ஏரி என்பதால் தேவரியா தால் என்றும் சொல்வார்கள். கரையைச் சுற்றிப் புல்வெளி, அதற்குப் பின்னால் கருவாலியும் (ஓக்) சிவப்பாகப் பூக்கும் புராஞ்ச் மரமும் கலந்த காடு, வடக்கே 7,138 மீட்டர் உயர சௌகம்பா.

நுழைய வனத்துறைக்குக் கட்டணம் உண்டு. இரவில் கரையிலேயே கூடாரம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ‘புக்யால்’ எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை 2018-ல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் தடை செய்தது. புல் மிதிபட்டு, மண் இறுகி, குப்பை சேர்ந்து அந்த வெளிகள் பாழானதைப் பார்த்துத்தான் அந்த உத்தரவு வந்தது. சாரியிலேயே தங்குங்கள், கிராமத்துக்கும் நாலு காசு சேரும்.

குளிர் தாங்குமா? என்ன துணி எடுத்துக்கணும்?

பகலில் வெயில் இதமாக இருக்கும், நடக்கும்போது வியர்க்கும். இரவில் ஐந்து டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். தடிமனாக ஒன்றை எடுத்துப் போவதை விட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது, ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். குல்லாய், கம்பளி உறை, மழைச்சட்டை, பிடிப்புள்ள காலணி. ஏரிக்குக் கிட்டே நிழலான இடங்களில் பழைய பனி கிடக்கலாம், அங்கே வழுக்கும்.

அங்க என்னென்ன பூ இருக்கும்? கூடையில எதை வைக்கிறாங்க?

முதலில் ஃப்யூன்லி. பாறை இடுக்கிலும் வயல் வரப்பிலும் தானாகப் பூக்கும் மஞ்சள் பூ, ஐந்து இதழ், நம் ஆளி விதைச் செடியின் குடும்பம். காட்டில் வளர்ந்த ஃப்யூன்லி என்ற பெண் மலையை விட்டு வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் வாடி இறந்தாள், அவளைப் புதைத்த இடத்தில் முளைத்த பூ இது என்று பாட்டிமார் கதை சொல்கிறார்கள். அப்புறம் பீச், சர்க்கரைப் பாதாமி, காட்டுப் பேரி மரங்களின் வெள்ளையும் ரோஜா நிறமுமான பூக்கள், கடுகுப் பூ, கீழ்ப்பகுதிகளில் மந்தாரை. வண்டு தொட்ட பூ ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதால்தான் பிள்ளைகள் வெயிலுக்கு முன்னால் கிளம்புகிறார்கள். கூடை ‘ரிங்கால்’ என்ற மெல்லிய மலைமூங்கிலில் முடைந்தது, உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் ராஜா புராஞ்ச். உத்தராகண்டின் மாநில மரம், நேபாளத்தின் தேசியப் பூ. பூச்செண்டு போல ஒரே கொத்தில் பதினைந்து இருபது சிவப்பு மணிகள். உயரம் கூடக்கூடச் சிவப்பு குறைந்து இளஞ்சிவப்பாக வெளுக்கும். இதன் நெருங்கிய உறவு நம் நீலகிரியிலும் பழனி மலைத்தொடரிலும் சோலை ஓரங்களில் நிற்கிறது, காட்டுப்பூவரசு என்பார்கள். இடையில் உள்ள சமவெளியில் எங்கேயும் கிடையாது. இமயத்துக்கும் நீலகிரிக்கும் நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரே மரம் நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

பிரம்ம கமலம் பார்க்கலாமா? எங்க வீட்டுத் தொட்டியிலயே பூக்குதே, அதேதானே?

இரண்டும் வேறு. நம் வீடுகளில் ராத்திரியில் மலர்ந்து காலையில் துவண்டுவிடுகிற வெள்ளைப்பூ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கள்ளி வகை. இமயத்தின் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளியே தெரியும் வெளிர் மஞ்சள் ‘இதழ்கள்’ உண்மையில் பூவை மூடிக் காக்கும் இலைகள். உள்ளே கருஊதாவாகச் சிறு பூக்கள் ஒளிந்திருக்கும்.

அது 3,500 மீட்டருக்கு மேலே, ஜூலை முதல் செப்டம்பர் வரை பூப்பது. பங்குனியில் அந்த உயரமெல்லாம் பனிக்கடியில் கிடக்கும். எந்த மாதத்தில் பார்த்தாலும் பறிக்காதீர்கள், வரவர அரிதாகிவரும் பூ.

மார்ச்ல லீவு கிடைக்காது. வேற மாசத்துல பூத்திருவிழா உண்டா?

உண்டு. இமாச்சலத்தின் கின்னௌரில் செப்டம்பர் வாக்கில் ‘ஃபுலாய்ச்’ என்ற திருவிழா. ஊர்க்காரர்கள் உயரமான மேய்ச்சல் வெளிகளுக்குப் போய்ப் பூப்பறித்து வந்து தெய்வத்துக்குச் சாத்துவார்கள். அவர்கள் மொழியில் ‘உக்யாங்’, பூவைப் பார்ப்பது என்று பொருள். திருவிழா வேண்டாம், பூ போதும் என்றால் சமோலியின் பூக்களின் பள்ளத்தாக்கு. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும், ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை பூ அதிகம். ஆனால் மழைக்காலம், மண்சரிவில் சாலை அடைபட்டால் ஓரிரு நாள் காத்திருக்க வேண்டி வரும். உயரமும் 3,000 மீட்டருக்கு மேல், மூச்சுத்திணறல் பற்றி மேலே சொன்ன தைரியம் அங்கே செல்லாது.

புராஞ்ச் பூவைச் சாப்பிடுறாங்களாமே? அது விஷம்னு படிச்சேன்.

இரண்டும் சரி. அந்த மரக் குடும்பத்தில் பல இனங்களின் இலையிலும் தேனிலும் நச்சு இருக்கிறது. மலைக்காரர்கள் உண்பது கீழ் உயரங்களில் பூக்கும் சிவப்புப் புராஞ்சின் இதழை மட்டும். மகரந்தத் தண்டுகளையும் சூலகத்தையும் ஒவ்வொரு பூவிலும் உருவி எறிந்துவிடுவார்கள். மேலே, மரங்கள் குட்டையாகிற உயரத்தில் வெளிர் நிறத்தில் பூப்பவற்றைத் தொடவே மாட்டார்கள். நீங்களாகப் பறித்து வாயில் போடாதீர்கள், வீட்டில் சர்பத்தாகக் கொடுத்தால் குடியுங்கள்.

சர்பத் செய்வதைப் பார்க்க அழகாக இருக்கும். இதழ்களைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கசக்கி வடிகட்டினால் மங்கிய ஊதாவாக ஒரு சாறு வரும். எலுமிச்சை பிழிந்த கணத்தில் அது பளிச்சென்று சிவந்துவிடும். நம் சங்குப்பூத் தண்ணீர் எலுமிச்சை பட்டதும் நிறம் மாறுகிறதே, அதே சங்கதி. இதழைப் புதினா, பச்சை மிளகாய், உப்போடு அம்மியில் அரைத்துத் துவையலும் செய்வார்கள்.

சாப்பாடு நமக்கு ஒத்துக்குமா? மூணு வேளையும் ரொட்டிதானா?

நம் பாட்டி வீட்டுச் சாப்பாட்டை வேறு கையால் பரிமாறினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். மண்டுவா என்கிறார்களே, அது கேழ்வரகு. ஜங்கோரா என்பது குதிரைவாலி, அதில் பால் பாயசம் வைப்பார்கள். கஹத் என்பது கொள்ளு, ஊறவைத்து அரைத்துக் குழம்பாகக் காய்ச்சினால் ‘ஃபாணு’. உளுந்தை வறுத்துப் பொடித்துக் கொதிக்க விட்டால் ‘சைன்சூ’. மதியம் சோறு கட்டாயம் உண்டு. விருந்து நாளில் உளுந்து வடை, பருப்பு அடைத்த பூரி.

புதிதாக இருப்பது கடுகெண்ணெய் வாசம் மட்டும்தான், ஒரு நாளில் பழகிவிடும். சிறு குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் நெய் ஊற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். புலால் வேண்டாம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அந்த உயரத்துல பருப்பு வேகவே வேகாதாமே?

வேகும், நேரம் கூட ஆகும். 2,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால்தான் கொள்ளையும் உளுந்தையும் இரவே ஊறவைப்பது, வறுத்துப் பொடிப்பது, அரைத்துக் காய்ச்சுவது என்று அங்குள்ள சமையலே அமைந்திருக்கிறது. ஃபாணுவையும் சைன்சூவையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் அந்தப் பெண்களின் கெட்டிக்காரத்தனம் புரியும். இப்போது எல்லா வீட்டிலும் குக்கர் இருக்கிறது, ஆனாலும் செய்முறை மாறவில்லை.

சமையல் கத்துக்கணும்னா யார்கிட்ட கேக்கணும்? வகுப்பு மாதிரி நடத்துறாங்களா?

வகுப்பெல்லாம் தேட வேண்டாம். ஊரிலேயே வீட்டோடு தங்குகிற வசதி இருக்கிறது, அந்த வீட்டு அக்காவிடம் ‘தீதி, நானும் பார்க்கலாமா’ என்று கேட்டால் போதும். அடுப்படிக்குள் செருப்போடு போகக் கூடாது, அழைக்காமல் அடுப்பைத் தொடக் கூடாது. கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது என்று ஒரு வேலையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கும் வேலை செய்பவருக்கும் கிடைக்கிற பேச்சே வேறு. கிளம்பும்போது தங்கிய வாடகையோடு, சொல்லிக்கொடுத்த நேரத்துக்கும் தனியாகப் பணம் கொடுங்கள். விறகு, எண்ணெய், அவருடைய மாலை முழுவதும் அதில் போயிருக்கிறது.

காஃபுலி காஃபுலிங்கிறீங்களே, அதை எப்படிச் செய்றது?

காஃபுலி என்பது அந்த ஊர்க் கீரைக் குழம்பு. பாலக்கீரை இரண்டு கட்டு, வெந்தயக்கீரை அரைக் கட்டு. தண்ணீர் அதிகம் விடாமல் வேகவைத்து, ஆறியதும் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டிப் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தனியாக அரைத்துக் கரைத்து வையுங்கள், இதற்கு ‘ஆலண்’ என்று பெயர், குழம்பைக் கெட்டியாக்குவது இதுதான். இரும்புச் சட்டியில் கடுகெண்ணெய் இரண்டு கரண்டி. இந்த இடத்தில்தான் தீதி என் கையைப் பிடித்து நிறுத்தினார். எண்ணெய் முதலில் மஞ்சளாகக் கிடந்தது, அப்புறம் ஓரத்தில் மெல்ல நெளிந்தது, பிறகு நூல் போல ஒரு புகை கிளம்பியது. உடனே சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிப் பத்து எண்ணும் வரை வைத்திருந்தார். புகையாத எண்ணெயில் பச்சை வாடை போகாது, புகைகிற சூட்டிலேயே தாளித்தால் கருகிவிடும் என்றார்.

அதில் ஒரு சிட்டிகை ஜக்யா (கடுகு போலத் தாளிக்கிற விதை, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்), இரண்டு காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு நாலைந்து பல். வெடித்ததும் கீரை, உப்பு, கொஞ்சம் மஞ்சள், மல்லித்தூள். கொதி வந்ததும் ஆலணைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, மெல்லிய தீயில் பத்துப் பதினைந்து நிமிடம். கரண்டியைத் தூக்கினால் தோசைமாவு போல விழ வேண்டும். சோற்றில் போட்டு நெய் விட்டுச் சாப்பிடுங்கள்.

பாங் சட்னி சாப்பிட்டா போதை ஏறாதா? சட்டப்படி தப்பில்லையா?

சட்னிக்குப் போடுவது கஞ்சாச் செடியின் விதை. போதைப்பொருள் இலையிலும் பூவிலும் இருப்பது, விதையில் இல்லை. நம் ஊரில் எள்ளுத் துவையல் எப்படியோ அப்படி. விதையை வெறும் சட்டியில் வறுத்து, சீரகம், பச்சை மிளகாய், புளிப்புக்கு எலுமிச்சை சேர்த்து அரைப்பார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் விதையை விலக்கித்தான் வைத்திருக்கிறது. செடியின் வேறு எந்தப் பகுதியையும் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

அர்சான்னு ஒரு பலகாரம் கொடுத்தாங்க, நம்ம அதிரசம் மாதிரியே இருந்துச்சே?

என் சித்தி முதல் வாயிலேயே ‘இது அதிரசம்டா’ என்றார். செய்முறையும் அதுதான். ஊறவைத்த அரிசியை இடித்து, வெல்லப்பாகில் கிளறி, தட்டி எண்ணெயில் பொரிப்பது. நாம் மாவை ஓரிரு நாள் புளிக்கவிட்டு ஏலக்காய், சுக்கு சேர்ப்போம். அவர்கள் சூடு ஆறுவதற்குள் தட்டிப் போட்டுவிடுகிறார்கள், கடுகெண்ணெயில் பொரிப்பதும் உண்டு. கல்யாணமான பெண் பிறந்த வீட்டிலிருந்து திரும்பும்போது கூடை நிறைய அர்சா வைத்து அனுப்புவது வழக்கம். ஒரு மாதம் கெடாது.

ஆதிசங்கரர் காலத்தில் தெற்கிலிருந்து வந்த பூசாரிகளோடு இந்தப் பலகாரமும் வந்தது என்று அங்கே சொல்வார்கள். பத்ரிநாத்தின் ராவல், அதாவது தலைமைப் பூசாரி, இன்றும் கேரள நம்பூதிரி. கேதார்நாத்தின் ராவல் மரபாகக் கர்நாடக வீரசைவர், அவருடைய இருப்பிடம் உக்கிமட்டில்தான், சாரியிலிருந்து ஒரு ஜீப் தூரம். ஆந்திரத்தில் அரிசெலு, இங்கே அர்சா. பெயரைப் பார்த்தால் அந்தக் கதையை நம்பத்தான் தோன்றுகிறது.

நாமளும் வாசல்ல பூ வைக்கலாமா? குழந்தைங்களுக்குக் காசு கொடுக்கலாமா? வீடியோ எடுக்கலாமா?

பூ வைப்பது பிள்ளைகளின் உரிமை, பெரியவர்கள் வைப்பதில்லை. உங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தால் தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். என் அக்கா மகன் ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் பதினொரு வீட்டுக்குப் போய்விட்டு, மடி நிறைய அரிசியோடு திரும்பி வந்தான். ஏரிக்குப் போகும் வழியெல்லாம் சரணாலயக் காடு, அங்கே கிளை ஒடிப்பது கூடாது. கிராமத்து வரப்பில், பிள்ளைகள் காட்டுகிற இடத்தில் பறித்தால் போதும்.

காசு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் போடுகிற அளவுதான் நீங்களும் போட வேண்டும். ஒரு பிடி அரிசி, வெல்லம், ஐந்து அல்லது பத்து ரூபாய் நாணயம். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அடுத்த வருடம் பிள்ளைகள் உங்கள் படியைத் தேடி ஓடி வருவார்கள், பக்கத்து வீட்டுப் பாட்டியின் படி காலியாகக் கிடக்கும். படம் எடுக்கத் தாய் தகப்பனிடம் கேளுங்கள். ஒரு வருடம் ஒரு பயண ஏற்பாட்டாளர், விருந்தினர்கள் எழுந்திருக்க நேரமாகிவிட்டது என்று பதினொரு மணிக்குப் பிள்ளைகளைத் திரும்ப வரவழைத்து மறுபடி பூ வைக்கச் சொன்னார். வாடிய பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் நின்ற நிற்பு எனக்குப் பொறுக்கவில்லை. விடியலில் எழ முடியாதென்றால் அந்த நாள் காட்சி உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அதே பயணத்துல துங்கநாத்தும் பார்த்துடலாமா?

பங்குனியில் அந்தச் சிவன் கோயில் நடை திறந்திருக்காது. குளிர்காலத்தில் துங்கநாதர் கீழே மக்குமட்டில் இருப்பார், மேலே போவது ஏப்ரல் கடைசி அல்லது மே மாதத்தில். சோப்தாவிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் ஏற்றம், கோயில் 3,680 மீட்டரில். மார்ச்சில் பாதை பனியால் மூடியிருக்கும். உள்ளூர் வழிகாட்டியும் பனிக்கான காலணிப் பிடிப்பும் இல்லாமல் போகாதீர்கள். மக்குமட்டுக்குப் போய்த் தரிசனம் செய்வது சுலபம், கூட்டமும் இருக்காது.

ஜக்யா எங்க கிடைக்கும்? நம்ம கடுகு போட்டா ஆகாதா?

கடுகு போட்டால் காஃபுலி வரும், ஆனால் அந்த நொறுநொறுப்பு வராது. ஜக்யா வேறெதுவும் இல்லை, நம் ஊர் நாய்க்கடுகு. மழைக்குப் பிறகு தரிசிலும் வரப்பிலும் மஞ்சள் பூவோடு முளைக்கும், தொட்டால் பிசுபிசுக்கும், மெல்லிய நீளக் காய் மேல்நோக்கி நிற்கும். களை என்று பிடுங்கிப் போடுகிறோம். மலைக்காரர்கள் கடைகளில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள், ருத்ரப்பிரயாகைக் கடைத்தெருவில் வாங்கலாம்.

வீட்டிலேயே சேர்க்க வேண்டுமென்றால், சாலைத் தூசி படாத இடத்தில், செடியை நன்றாகத் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு முற்றிய காயாகப் பறியுங்கள். காகிதப் பையில் போட்டு இரண்டு நாள் வெயிலில் வைத்து உதறினால் கருப்பு விதை கொட்டும். புடைத்து, கழுவி, உலர்த்திப் புட்டியில் போட்டு வையுங்கள். தாளிக்கும்போது கண்ணை எடுக்காதீர்கள். படபடவென்று வெடித்து முடிந்ததும் அடுத்த பொருளைப் போட்டுவிட வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் கசந்துவிடும்.